விழுவதற்கு முன் எப்படி நடந்தார்?

தமிழ்நாட்டில் எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டுக்குள் போனாலும் இரண்டு விதமான நோயாளிகள் கண்ணில் படுவார்கள். ஒரு வகை இளைஞர்கள். பைக்கில் போய் லாரியில் மோதியவர்கள், சாரம் சரிந்து விழுந்த கட்டடத் தொழிலாளிகள். இன்னொரு வகை வயதானவர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். குளியலறை ஈரத்தில் வழுக்கியவர்கள், இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து கட்டில் ஓரத்தில் தடுமாறியவர்கள், வாசல் நிலைப்படி தடுக்கியவர்கள். இளைஞர்கள் மேல் மோதிய விசை பெரியது. முதியவர்கள் விழுந்ததோ தங்கள் சொந்த உயரத்திலிருந்து. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்படும் முதியவர்களில் நால்வருக்கோ ஐவருக்கோ ஒருவர் அடுத்த ஓராண்டைத் தாண்டுவதில்லை என்பதுதான் பல நாட்டுக் கணக்குகளும் சொல்வது. பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

இவ்வளவு சிறிய வீழ்ச்சி இவ்வளவு பெரிய சேதத்தை எப்படிச் செய்கிறது? எக்ஸ்ரேயில் அதற்குப் பதில் இருப்பதில்லை. முறிந்த எலும்பை அது காட்டும். முறிவதற்கு முன்பே அந்த உடம்பில் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதைக் காட்டாது. அவசரப் பிரிவில் கேட்கப்படும் முதல் கேள்வி “வயசென்ன?” என்பது. பதில் எண்பதைத் தாண்டியிருந்தால் சுற்றி நிற்பவர்கள் முகத்தில் ஒரு முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. உறவினர்கள் அதை வாய்விட்டே சொல்வார்கள்: “வயசாயிடுச்சு, இனிமே என்ன?” அந்தக் கேள்வி போதாது என்பதையும், அதிலிருந்து பிறக்கும் முடிவு பல நேரம் தவறு என்பதையும் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் மருத்துவம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அது நம் வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 2019 மே மாதம் வான்கோழி வேட்டைக்குக் கிளம்பும்போது வீட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு 94 வயது. அறுவை நடந்தது. அக்டோபரில் மறுபடி விழுந்தார், புருவத்துக்கு மேல் 14 தையல். மறுநாளே ஏழைகளுக்கு வீடு கட்டும் பணியில் கறுத்து வீங்கிய கண்ணோடு போய் நின்றார். அதே மாதம் மூன்றாவது முறை விழுந்ததில் இடுப்புக் கூட்டில் விரிசல். நவம்பரில், இந்த வீழ்ச்சிகளால் மூளைக்கு மேல் கசிந்து தேங்கிய இரத்தத்தை வெளியேற்ற அறுவை. ஒரே ஆண்டில் இவ்வளவையும் தாங்கியவர் அதற்குப் பிறகு ஐந்தாண்டுகள் வாழ்ந்து, நூறு வயதைக் கடந்து 2024 டிசம்பரில் இறந்தார்.

அவருக்குக் கிடைத்த மருத்துவம் நமக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கார்ட்டரின் கதையில் மருத்துவமனை வருவதற்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறது. விழுந்த அந்த ஆண்டு வரைக்கும் அவர் ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு எடுத்துக்கொண்டும், ஆண்டுதோறும் சுத்தியல் பிடித்துக்கொண்டும் இருந்தவர். 94 வயதில் விழுந்த அந்த உடம்பில் கையிருப்பு இருந்தது. அதே வயதில், அல்லது அதைவிட இருபது வயது குறைவில், கையிருப்பே இல்லாத உடம்புகள் உண்டு. மருத்துவர்கள் இதைத்தான் நலிவு என்கிறார்கள். நோய் வேறு, நலிவு வேறு. இதயம், நுரையீரல், தசை, எலும்பு, மூளை என ஒவ்வொன்றிலும் உபரியாக இருந்த பலம் சத்தமில்லாமல் கரைந்து, அன்றாடத்தை ஓட்ட மட்டுமே போதுமான அளவுக்கு வந்து நிற்கும் நிலை அது. அப்போது ஒரு காய்ச்சலோ ஒரு வீழ்ச்சியோ வந்தால் செலவழிக்க எதுவும் மிச்சமில்லை.

லிண்டா ஃப்ரைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2001-இல் இந்த நிலையை அடையாளம் காண ஐந்து குறிகளை வகுத்தார்கள். முயற்சி செய்யாமலேயே எடை குறைவது, எப்போதும் களைத்திருப்பது, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, உடல் நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் நலிவு, ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவின் வாசலில் நிற்பதாகப் பொருள். 65 வயதுக்கு மேற்பட்ட ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததிலிருந்து வந்த குறிகள் இவை. இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நிறுத்தற்கடிகாரமும் கைப்பிடி அளக்கும் சிறு கருவியும் ஓர் எடைமேடையும் போதும்.

அதுவும் இல்லாமலே நம் வீடுகளில் இவை கண்ணுக்குத் தெரிகின்றன. அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. மூன்று வருஷத்துக்கு முன் தைத்த ஜாக்கெட்டைப் பக்கவாட்டில் பிடித்துத் தைக்கச் சொல்கிறார். ஈரப் புடவையைப் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறார். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் “மனசுக்குள்ளேயே கும்பிட்டுக்கறேன்” என்கிறார். தெருவைக் கடக்க யாராவது கையைப் பிடிக்கக் காத்திருக்கிறார். ராத்திரிக்கு இரண்டு இட்லி ஒன்றாகி, பிறகு அரை டம்ளர் கஞ்சியாகிறது. இதையெல்லாம் பார்க்கும் நாம் முதுமை என்று எடுத்துக்கொள்கிறோம். சிலர் பெருமையாகவும் சொல்வோம்: எங்கம்மாவுக்குப் பசியே கிடையாது, ஒரு பிடி சோறு போதும். அந்த ஒரு பிடிச் சோற்றில் பருப்பு எவ்வளவு, முட்டை உண்டா, மோராவது உண்டா என்று கேட்பதில்லை. தசையைக் காப்பாற்றும் புரதம் முதியவர்களுக்கு இளைஞர்களைவிடக் கூடுதலாகத் தேவை. நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். குறிப்பாகக் கணவனை இழந்த பெண்கள் ஒருவேளைச் சாப்பாடும் விரதமுமாக உடம்பைச் சுருக்கிக்கொள்வதைத் தலைமுறை தலைமுறையாக நல்லொழுக்கம் என்று பாராட்டி வந்திருக்கிறோம். அந்தப் பாராட்டின் விலையை எலும்பு முறிவு வார்டில்தான் கட்டுகிறோம்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்து மருத்துவர் கென்னத் ராக்வுட் வேறு வழியில் இதை அணுகினார். 2005-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட நலிவு அளவுகோல் ஓடியாடி இருப்பவர் தொடங்கி முழுக்கப் பிறரைச் சார்ந்திருப்பவர் வரை படிப்படியாக விவரிக்கிறது. இன்று அது ஒன்பது படிகளாக உலகெங்கும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. கட்டிலில் கிடக்கும் நோயாளியை இன்றைய நிலையில் வைத்து மதிப்பிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்பு, இந்த நோயோ காயமோ வருவதற்கு முன், எப்படி இருந்தார் என்று கேட்டு மதிப்பிட வேண்டும். கடைக்குத் தானே போனாரா, கணக்கு வழக்கு பார்த்தாரா, குளிக்கத் துணை வேண்டியிருந்ததா. வலியில் முனகிக்கொண்டு கிடக்கும் ஒருவரைப் பார்த்து அவருடைய வாழ்வை எடைபோடாதே என்று மருத்துவர்களுக்கே சொல்லும் விதி அது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. மயிலாடுதுறைப் பக்கத்தில் தனியாக இருந்த என் பெரியம்மா கொல்லைப்புறத்தில் விழுந்தபோது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அண்ணன்கள் ராவோடு ராவாக வந்து சேர்ந்தார்கள். மஸ்கட்டில் இருக்கும் கடைசி அண்ணன் வீடியோ அழைப்பில் இருந்தான். இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார்: “பாட்டி கீழ விழறதுக்கு முன்னாடி எப்படி நடந்துக்கிட்டு இருந்தாங்க?” அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லாத்தான் இருந்தாங்க, போன்ல தெளிவாப் பேசுவாங்க என்றார் மூத்தவர். பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு வந்திருந்தார். அவர்தான் சொன்னார்: “ஆறு மாசமா சுவத்தப் புடிச்சிக்கிட்டுத்தான் நடப்பாங்க தம்பி. வாசல்ல கோலம் போடறத தையோட விட்டுட்டாங்க. சோறு ஒரு கரண்டிதான். போன மாசமே ரெண்டு தடவ விழுந்தாங்க, புள்ளைங்ககிட்ட சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க.” மருத்துவர் எழுதிக்கொண்ட குறிப்பில் உருப்படியான தகவல் எல்லாம் அந்த அக்கா சொன்னதுதான். பெற்றோர் விழுந்ததை மறைப்பது நம் ஊரில் சாதாரணம். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்றும், சொன்னால் வீட்டைப் பூட்டிக் கூட்டிப்போய்விடுவார்கள் என்றும் பயம். பெரியம்மாவுக்கு இரண்டும் இருந்தன.

அடிபட்டு வரும் முதியவர்களின் கதி எதைப் பொறுத்திருக்கிறது என்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் பெல்லால் ஜோசப்பும் குழுவினரும் 250 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2014-இல் எழுதினார்கள். மருத்துவமனையில் சிக்கல் ஏற்படுமா, வீட்டுக்கு நல்லபடியாகத் திரும்புவார்களா என்பதை வயது சரியாகச் சொல்லவில்லை, நலிவுதான் சொன்னது. எண்பத்தைந்து வயதில் தோட்டத்தில் வேலை செய்தவர் எழுபது வயதில் நாற்காலியைவிட்டு எழ முடியாமல் இருந்தவரைவிட நன்றாகத் தேறக்கூடும். அதற்குப் பிறகு பல நாடுகளிலிருந்து வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையில்தான் நிற்கின்றன.

நலிந்த உடம்பு மருத்துவமனைக்குள் வந்ததும் பல விஷயங்கள் ஏமாற்றுகின்றன. இரத்தம் இழந்த இளைஞனுக்கு நாடி வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் இறங்கும், பார்த்தவுடன் தெரியும். பல வருஷமாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு அந்த மாத்திரையே நாடித் துடிப்பை அடக்கி வைத்திருக்கலாம். வழக்கமாக 160 இருப்பவருக்கு 110 என்று காட்டினால் தாளில் அது நல்ல எண், உடம்புக்கு அது அபாயம். 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு மேல் அழுத்தம் 110-க்குக் கீழே போனாலே அதிர்ச்சி நிலையைச் சந்தேகிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சேர்த்துக்கொண்டது. தலையில் பட்ட அடியும் அப்படித்தான். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. அதற்கும் மண்டையோட்டுக்கும் இடையில் ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. லேசாக இடித்துக்கொண்டாலும் அவை கிழிந்து மெல்லக் கசியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்துத் தாத்தா பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, பகலெல்லாம் தூங்கும்போது வீட்டில் யாருக்கும் அந்தப் பழைய இடி நினைவுக்கு வருவதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பிறகு காத்திருப்பு. இடுப்பெலும்பு முறிந்தவருக்கு நாளைக்கு அறுவை என்று சொல்லி ராத்திரியிலிருந்து பட்டினி போடுவார்கள். காலையில் இதய மருத்துவர் ‘ஃபிட்னஸ்’ எழுதவில்லை, எக்கோ எடுக்க வேண்டும் என்று தள்ளிப்போகும். மதியம் கொஞ்சம் கஞ்சி. மறுநாள் மறுபடி பட்டினி, விபத்தில் வந்தவர்களுக்குத் தியேட்டர் போய்விடும். ஏற்கனவே கரைந்துபோன உடம்பு இந்த நாட்களில் இன்னும் கரைகிறது. முறிவைக் கண்டறிந்த சில மணி நேரத்திலேயே அறுவை செய்தால் என்ன ஆகும் என்று 17 நாடுகளில் 69 மருத்துவமனைகளில் 2,970 நோயாளிகளிடம் ஒரு பெரிய சோதனை நடந்து 2020-இல் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்தில் அறுவை, இன்னொரு பிரிவுக்கு ஏறத்தாழ 24 மணி நேரத்தில். மூன்று மாத இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சீக்கிரம் அறுவை நடந்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைந்தது, வலி குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். இந்தச் சோதனையில் தாமதப் பிரிவு என்று வைக்கப்பட்டதே ஒரு நாள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் நான்கு நாள், ஒரு வாரம் என்பதெல்லாம் யாருக்கும் ஆச்சரியம் தராத செய்தி.

மனக்குழப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்கள் மிகவும் நிலைகுலைவது அதில்தான். நேற்று வரை தெளிவாக இருந்த அம்மா ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து மாட்டைக் கட்டணும் என்கிறார். இறந்துபோன அப்பா கட்டில் பக்கத்தில் நிற்பதாகச் சொல்கிறார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். மகளைப் பார்த்து நீ யார் என்கிறார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் மெதுவான குரலில் சொல்வார்கள்: செத்தவங்க வந்து கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க, இனிமே நாள் கணக்குதான். குடும்பமும் அதை நம்பிவிடுகிறது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் போகிறது. சாப்பாடு கொடுப்பது குறைகிறது, நடக்க வைப்பது நிற்கிறது. அந்த நம்பிக்கையே அந்தச் சாவை அருகில் இழுத்துவிடுகிறது. அந்தப் பிதற்றல் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. வலி தணியாதது, உடம்பில் நீர் குறைந்தது, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தூக்க மாத்திரை, இரவெல்லாம் எரியும் விளக்கு, கண்ணாடி வீட்டிலேயே விடப்பட்டது, காது கேட்கும் கருவி பையில் கிடப்பது என்று காரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

ஷாரன் இனோய் என்ற மருத்துவர் யேல் மருத்துவமனையில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 உள்நோயாளிகளிடம் ஒரு முயற்சி செய்து 1999-இல் முடிவை எழுதினார். அவர் செய்ததில் புது மருந்து எதுவும் இல்லை. இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று அடிக்கடி நினைவுபடுத்திப் பேசுவது, கண்ணாடியையும் காதுக் கருவியையும் போட்டுவிடுவது, தண்ணீர் குடிக்கச் செய்வது, நாளுக்கு மூன்று முறை எழுப்பி நடக்கவைப்பது, ராத்திரி வெதுவெதுப்பான பானம் கொடுத்து முதுகைத் தடவித் தூங்கவைப்பது. மனக்குழப்பம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. இடுப்பெலும்பு முறிந்தவர்களிடம் பாஸ்டனில் முதியோர் மருத்துவர் தினமும் வந்து பார்த்த இன்னொரு சோதனையில் 50 சதவீதம் 32 ஆகக் குறைந்தது.

யேலில் இந்த வேலைகளுக்குத் தன்னார்வலர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கே நோயாளியின் பக்கத்தில் நாள் முழுக்க யாரும் இருப்பதில்லை. நம் மருத்துவமனைகளில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். மகள், மருமகள், பேத்தி, தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தங்கை. மருந்து வாங்கவும் பெட்பேன் வைக்கவும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகவும் மட்டுமே அவர்களைப் பயன்படுத்துகிறோம். கண்ணாடியைப் போட்டுவிடுங்க, ஊர்க்கதை பேசுங்க, உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்க என்று யாராவது இரண்டு நிமிடம் சொல்லிக்கொடுத்தால் உலகத்தின் மிகப் பெரிய தன்னார்வலர் படை நம்மிடம்தான் இருக்கும். வரும் கூட்டத்தைக் குறைப்பதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதில் காட்டலாம்.

அந்த உறவினர்களுக்கு யாரும் சொல்லாததால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த அன்பைச் செய்கிறார்கள். அசையாதம்மா, அப்படியே படுத்திரு, ஓய்வு எடு. இந்த ஓய்வு ஆபத்தானது. சராசரியாக 67 வயதான, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. அவர்களுக்கு முறிவு இல்லை, வலி இல்லை, பட்டினி இல்லை. நலிந்த ஒருவருக்கு முறிவோடும் வலியோடும் பத்து நாள் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். படுத்தவாக்கில் கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கும். படுக்கைப் புண் வருகிறது, காலில் இரத்தம் உறைகிறது. வசதிக்காகப் போட்ட சிறுநீர்க் குழாய் நாலாம் நாள் காய்ச்சலாகிறது. இடுப்பு முறிந்து இறந்தார் என்று நாம் சொல்லும் பலர் உண்மையில் படுத்ததால் இறந்தவர்கள். அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நிற்கவைப்பதைக் கொடுமை என்று பிசியோதெரபிஸ்டிடம் சண்டை போடும் மகன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வார்டில் அவர்களுடைய அம்மாவுக்கு அப்போது மிகவும் தேவைப்பட்ட ஆள் அந்த பிசியோதெரபிஸ்ட்தான்.

எலும்பு மருத்துவரும் முதியோர் மருத்துவரும் ஒரே வார்டில் சேர்ந்து நோயாளியைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊர், ஓய்வு பெற்றவர்கள் நிறைய வாழும் இடம். அங்கே மைக்கேல் டெவாஸ் என்ற எலும்பு மருத்துவரும் பாபி இர்வின் என்ற முதியோர் மருத்துவரும் அறுபதுகளிலேயே இதைச் செய்து காட்டினார்கள். நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் 397 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2015-இல் வெளியானபோது, முதியோர் மருத்துவப் பிரிவில் வைத்துப் பார்க்கப்பட்டவர்கள் நான்கு மாதம் கழித்து மற்றவர்களைவிட நன்றாக நடந்தார்கள் என்று தெரிந்தது. எலும்பில் வைத்த திருகாணி இரு பிரிவுக்கும் ஒன்றுதான். வேறுபட்டது, எலும்பைச் சுற்றியிருந்த மனிதரை யாராவது பார்த்தார்களா என்பது மட்டுமே.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய இடமல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் டாக்டர் வ.செ. நடராசன் 1978-இல் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார், நாட்டிலேயே முதல் முதியோர் மருத்துவப் பட்டமேற்படிப்பும் 1996-இல் அங்கேதான் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அறிவு இங்கே இருக்கிறது. ஆனால் அது இருக்கும் இடத்துக்கும், பாட்டி படுத்திருக்கும் எலும்பு முறிவு வார்டுக்கும் நடுவில் வழி போடப்படவில்லை. மாவட்ட மருத்துவமனையின் எலும்பு வார்டில் முதியோர் மருத்துவர் காலைச் சுற்றுக்கு வருவது அபூர்வம்.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. பல உயிர்களைக் காத்த நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது சாலையில் நடப்பதற்கு மட்டும். குளியலறையில் நடப்பது அதன் கணக்கில் வராது. அங்கே சத்தம் இல்லை, கூட்டம் கூடுவதில்லை, போலீஸ் வழக்கு இல்லை, மறுநாள் செய்தித்தாளில் வருவதில்லை. விழுந்தவர் பல மணி நேரம் தரையிலேயே கிடந்து, பால்காரர் கதவைத் தட்டும்போதுதான் தெரியவருகிறது. முதியவர்களின் காயத்தில் பெரும்பகுதி இப்படி வீட்டுக்குள் நடப்பதுதான். காயம் என்றால் சாலை என்று நினைத்துக் கட்டப்பட்ட ஏற்பாடு, மூப்பு ஏறிக்கொண்டிருக்கும் இந்த மாநிலத்துக்குப் போதாது.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. எல்லாருக்கும் அறுவை, எல்லாருக்கும் ஐசியு என்று நான் சொல்லவில்லை. பல மாதங்களாகப் படுக்கையில், மறதி நோய் முற்றி, பிள்ளைகளையே அறியாமல் இருக்கும் ஒருவருக்கு இடுப்பு முறியும்போது, குடும்பமும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி, அறுவை வேண்டாம், வலி இல்லாமல் வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுக்கலாம். நெதர்லாந்தில் முதியோர் இல்லங்களில் இருந்த மிக நலிந்த நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வந்த ஆய்வில், அப்படி முடிவெடுத்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள், ஆனால் அவர்களுடைய கடைசி நாட்கள் அறுவை செய்துகொண்டவர்களின் நாட்களைவிட மோசமாக இல்லை. அந்த முடிவுக்கும், “வயசாயிடுச்சு” என்று சொல்லி நாட்டுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து திண்ணையில் கிடத்துவதற்கும் தூரம் அதிகம். முதலாவதில் வலி மருந்து இருக்கிறது, பேச்சு இருக்கிறது, நோயாளி எப்படி வாழ்ந்தார், எதை விரும்புவார் என்ற கேள்வி இருக்கிறது. இரண்டாவதில் ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது.

நலிவு என்ற அளவுகோலும் அதே போலத் தவறான கைகளில் வெறும் எண்ணாகிவிடும். 2020 மார்ச்சில் கொரோனாவின் தொடக்கத்தில் பிரிட்டன் தன் தீவிர சிகிச்சை வழிகாட்டுதலில் ராக்வுட்டின் அளவுகோலைச் சேர்த்தபோது, பிறவியிலிருந்தே உதவியோடு வாழும் இளம் மாற்றுத்திறனாளிகளும் நலிந்தவர் பட்டியலில் விழுந்து கதவடைக்கப்படுவார்களோ என்று அச்சம் எழுந்தது. எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே அந்த வரிகள் திருத்தப்பட்டன. யாரை விட்டுவிடலாம் என்று பார்க்க அந்த அளவுகோல் உருவாகவில்லை. யாருக்குக் கூடுதலாகக் கவனம் வேண்டும் என்று முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள உருவானது. நலிந்தவர் என்று எழுதினால் அதற்குக் கீழே உணவு, வலி மருந்து, நடை, மனக்குழப்பம் என்று வேலைகள் எழுதப்பட வேண்டும். வேறு எதுவும் எழுதப்படாவிட்டால் அந்தச் சொல்லை எழுதாமலே இருக்கலாம்.

பெரியம்மா பிழைத்தார். மூன்றாம் நாள் அறுவை, ஐந்தாம் நாள் வாக்கர். மனக்குழப்பம் வந்த இரண்டு இரவுகளில் பக்கத்து வீட்டு அக்காதான் உட்கார்ந்து, கொல்லை முருங்கையையும் தெரு நாயையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மகனுடன் சென்னை அடுக்ககத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து ஊருக்கே திரும்பினார். பழைய நடை இல்லை. கொல்லைக்கு இப்போது கைப்பிடி வைத்திருக்கிறார்கள், தினம் ஒரு முட்டை உண்டு. பிழைப்பது என்பதற்கு அவருக்கு ஒரே பொருள்தான்: தன் வாசலில் தானே போய் உட்காருவது. மருத்துவமனைக் கணக்கில் அதற்குக் கட்டம் கிடையாது. முதியவர்களைக் கேட்டால் உயிரோடு இருப்பதைவிட அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போகிறவர்கள் இந்த முறை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாற்காலியைவிட்டுக் கையூன்றாமல் எழுகிறார்களா, நடை போன வருஷத்தைவிட மெதுவாகியிருக்கிறதா, தட்டில் பருப்பும் முட்டையும் இருக்கிறதா, சமீபத்தில் விழுந்தார்களா என்று பாருங்கள். அதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள், அங்கேதான் உண்மை கிடைக்கும். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி வையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை ஒரு படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மீறி விழுந்துவிட்டால், அவசரப் பிரிவில் வயதைச் சொன்ன அதே மூச்சில் இரண்டு வாரத்துக்கு முன் எப்படி நடந்தார் என்பதையும் சொல்லுங்கள். அறுவை எப்போது, எப்போது உட்காரவைக்கலாம், எப்போது நடக்கவைக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். அரசு செய்ய வேண்டியது வீட்டுக்குள் விழுந்தவர்களையும் அந்த 48 மணி நேரத் திட்டத்துக்குள் கொண்டுவருவதும், ஒவ்வொரு மாவட்ட எலும்பு வார்டுக்கும் ஒரு முதியோர் மருத்துவரை அனுப்புவதும். இரண்டையும் செய்யத் தேவையான ஆட்களும் அனுபவமும் இந்த மாநிலத்தில் ஏற்கனவே இருக்கின்றன.